தலைப்பிள்ளைக்கு ஹோமுக்குப் போனேன்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது காதில் விழும் இங்கிலீஷ் சொல் ஹோம். தபால்காரன் மலையேறி வந்தால் துரை முதலில் கேட்பது ஹோம் தபால் உண்டா என்றுதான். துரைசானி தேய்த்துக் குளிக்கிற சோப்பு ஹோமிலிருந்து வந்தது, ரொட்டியில் தடவுகிற பழப்பாகும் ஹோமிலிருந்து வந்தது. கண்டிச் சீமை மழையைத் திட்டுவதானாலும் ஹோம் மழையோடு ஒப்பிட்டுத்தான் திட்டுவாள். இத்தனைக்கும் அந்த அம்மாள் பிறந்தது இந்த இலங்கையிலேதானாம். எப்போதோ கப்பலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த தேசத்தை வாய் நிறைய ஹோம் என்கிறாள். சனிக்கிழமை அக்கம்பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் கூடித் தேத்தண்ணீர் குடித்தால் அதற்குப் பெயர் அட் ஹோம். போன மாசம் ஒரு கிழட்டுத் துரை செத்துப்போனார். அவரை ஆண்டவர் ஹோமுக்கு அழைத்துக்கொண்டார் என்று பாதிரியார் சொன்னார். அடேயப்பா, நல்லதுக்கும் கெட்டதுக்கும் இவர்களுக்கு ஒரே சொல்தானா என்று வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வரும். ஏனென்றால் எனக்குத் தெரிந்த ஹோம் வேறு.

என் ஹோம் பாளையங்கோட்டையில் இருந்த அநாதைப் பெண்பிள்ளைகள் விடுதி. ஏரலில் காலரா வந்த வருஷம் என் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். யாரோ மிஷன் உபதேசியார் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே விட்டாராம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து காரை போட்ட நீளமான கூடமும், வரிசையாக விரித்த பாய்களும், விடியுமுன் அடிக்கிற மணியும்தான். தலைமை ஒரு வெள்ளைக்காரி, மிஸ்ஸியம்மாள் என்போம். பேன் பார்ப்பது, சோறு போடுவது, அடிப்பது எல்லாம் மேட்ரன் ஞானப்பூ அக்காள். எங்களில் ஒருத்திகூட அந்த இடத்தை வீடு என்று சொன்னதில்லை. ஹோம் என்றால் வீடு என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாள் அர்த்தம் சொன்ன அன்றைக்கு, எங்களில் பாதிப்பேர் அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டோம்.

அங்கிருந்துதான் இந்தத் தோட்டத்துக் கிளாக்கருக்கு வாழ்க்கைப்பட்டு மலையேறினேன். அவர் நாங்குநேரிப் பக்கம்; தாயார் எங்களோடுதான் இருந்தார். அத்தை பொல்லாதவர் இல்லை. ஆனால் மனசில் பட்டதை அப்படியே போட்டு உடைப்பார். சீமையில் சண்டை தொடங்கியதற்கு முந்தின வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி எஸ்தரு, மாசம் ஏழாவுது. கூட்டிட்டுப் போவ ஒங்க பக்கத்துல இருந்து ஆரு வாரா?"

"ஆரு வருவா அத்தை? எனக்கு ஆரு இருக்கா?"

"அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் தலைப்பிள்ளையை மாமியா வீட்டுல பெத்தான்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாளுவட்டி. நான் சொல்ல மாட்டேன். இங்கன உள்ளவளுவ சொல்லுவா."

அவர் சொன்னது நிஜம். தோட்டத்தில் எந்தப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம் என்றாலும் தாய்வீட்டிலிருந்து கட்டுச்சோறும் வளையலுமாக ஆள் வந்து கூட்டிப்போவதுதான் வழக்கம். வயிற்றுக்குச் சோறில்லாமல் கொழுந்து பறிக்க வந்தவளுக்குக்கூடக் கடல்தாண்டி ஒரு அண்ணன் வந்து நிற்பான். கிளாக்கர் வீட்டு அம்மாளுக்கு ஆள் இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. செத்துப்போன அம்மாமேல்தான் என்று நினைக்கிறேன். வெட்கத்தை விட்டு, நான் ஹோமுக்கு வரலாமா என்று மிஸ்ஸியம்மாளுக்கு எழுதினேன். பதில் அன்பாகத்தான் வந்தது. எனக்காக ஜெபிப்பதாகவும், கட்டிக்கொடுத்த பெண்கள் திரும்பி வந்து தங்க விதியில்லை என்றும் எழுதியிருந்தார். குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அத்தை வெளியே நின்று, "அழாதட்டி, நானே பாத்துக்கிடுதேன், போ" என்றார். அது இன்னும் அழுகையாக வந்தது.

ஒரு மாசம் கழித்து, மழை கொட்டுகிற ஒரு மத்தியானம், வாசலில் தெப்பமாக நனைந்து ஒரு பொம்பளை நின்றாள். கையில் ஓலைப்பெட்டி. ஞானப்பூ அக்காள்! ஆயுசில் முதல்தடவையாகக் கப்பலேறியவள், வழியெல்லாம் வாந்தி எடுத்து முகம் வெளிறிப்போயிருந்தது.

"சவத்துக் கப்பல்! கொடலைப் பெரட்டிட்டு. ஏட்டி, புளியோதரை கொண்டாந்தேன், கெட்டிருக்காதுன்னு நெனைக்கேன்."

பெட்டியில் புளியோதரையும் முறுக்கும் அதிரசமும் இருந்தன. வளையல் மட்டும் பெட்டியில் இல்லை. மிஸ்ஸியம்மாளுக்கு வளையல் ஆகாது என்பதால் மடியில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள். அத்தை அவளை நடுவீட்டில் உட்காரவைத்து, சம்பந்திக்குச் செய்கிற மரியாதை எல்லாம் குறைவில்லாமல் செய்தார். பக்கத்து வீட்டுக்காரிகளை வேண்டுமென்றே கூப்பிட்டுக் காட்டவும் செய்தார்.

"மிஸ்ஸியம்மா விடமாட்டாங்களே அக்கா?" என்று கேட்டேன்.

"கட்டிக்குடுத்த பிள்ளை தங்கக் கூடாதுன்னுதான் இருக்கு. சீக்காளி தங்கலாம். சீக்காளி ரூம்பு சும்மாத்தான் கெடக்கு, தூத்துப் போட்டுட்டு வந்திருக்கேன். வா."

புறப்படுகிற அன்றைக்குத் துரைசானி குதிரையை நிறுத்தி, எங்கே போகிறாய் என்று கேட்டாள். ஹோமுக்கு என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பிரசவத்துக்கு ஹோமுக்குப் போவதுதான் சரி, உன் அம்மா எத்தனை நாளாகக் காத்திருப்பாளோ என்று ஏதேதோ சொல்லி, ஆளனுப்பி ஒரு பிஸ்கோத்து டப்பாவை வரவழைத்து, அம்மாவுக்குக் கொடு என்றாள். நான் விளக்கிச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஞானப்பூ அக்காள் டப்பாவை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தேங்யூ மேம்" என்றாள். கொழும்பு போகிற மட்டும் அந்த டப்பாவை அவள் கீழே வைக்கவில்லை.

தூத்துக்குடியில் இறங்கி ரயிலேறி, பிறகு மாட்டுவண்டி பிடித்துத் திருநெல்வேலிப் பாலம் தாண்டும்போது ஆற்றில் தண்ணீர் நிறையப் போயிற்று. எனக்குத்தான் ஆற்றைப் பார்க்க மனசில்லை. மிஸ்ஸியம்மாள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டால் இந்த வயிற்றோடு எங்கே போவது என்பதே நினைப்பு. மிஸ்ஸியம்மாள் வாசலில்தான் நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அக்காளைப் பார்த்தார். உள்ளே போய் ஜுரமானியை எடுத்துவந்து என் வாயில் வைத்தார்.

"காய்ச்சல் இருக்கிறது. படுக்க வேண்டும்" என்றார்.

எனக்குக் காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. மறுநாளும் வைத்துப் பார்த்தார், இருக்கிறது என்றார். பிள்ளை பிறக்கிற வரைக்கும் எனக்குத் தினசரி காய்ச்சல் இருந்தது. அவ்வளவு கண்டிப்பான மனுஷி முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் அந்தப் பொய்யைச் சொல்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. ஒருநாள் கேட்டேவிட்டேன், நீங்கள் ஏன் ஹோமுக்குப் போவதே இல்லை என்று. சீமையில் தாய்வீட்டுத் தன் அறையில் இப்போது தங்கை புருஷன் இருப்பதாகவும், போனால் விருந்தாளி மாதிரி உட்கார வேண்டும் என்றும் சொல்லிவிட்டு ஜுரமானியை உதறினார்.

பெண்பிள்ளை பிறந்தது. ஞானப்பூ அக்காள்தான் முதலில் கையில் வாங்கினாள். சன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அவளுகளில் யாரும் அத்தனை சின்னப் பிள்ளையைப் பார்த்ததில்லை. யார் மடியில் வைப்பது என்று தினமும் அடிதடி. என் வீட்டுக்காரர் கூட்டிப்போக வந்தபோது, ஆண்பிள்ளை உள்ளே வரக்கூடாது என்பதால் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இலைபோட்டு மருமகன் விருந்து வைத்தார்கள். வெட்கப்பட்டுக்கொண்டே மூன்று தரம் சோறு வாங்கினார், பாவம்.

வண்டி பூட்டியாகிவிட்டது. ஞானப்பூ அக்காள் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினாள்.

"ஏட்டி, ஒன் பச்சைச் சேலை கொடியில கெடக்கே. ஈரமா இருந்தா சுருட்டித் தாரேன், கொண்டு போ."

கல்யாணமாகிப் போனபோது பாய், தட்டு, தம்ளர் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, ஒரு கொண்டை ஊசிகூட மிச்சம் வைக்காமல் கிளம்பியவள் நான். ஹோமில் அதுதான் வழக்கம்.

"கெடக்கட்டும்க்கா. அடுத்த தடவ வரும்போது எடுத்துக்கிடுதேன்."

அக்காள் மூக்கை முந்தானையில் சிந்தினாள். பிறகு, "சரி, காஞ்சதும் மடிச்சு வைக்கேன்" என்றாள்.

இங்கே லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் கூடிப் பேசும்போது ஒருத்தி தன் பித்தளைக் குடம் அம்மா வீட்டில் இருக்கிறது என்பாள், இன்னொருத்தி ஆட்டுக்குட்டி நிற்கிறது என்பாள். இப்போதெல்லாம் நானும் சொல்கிறேன். என் நல்ல சேலை ஒன்று அம்மா வீட்டில் இருக்கிறது.