ஒரு மடக்குத் தண்ணீர்

பள்ளிக்கூடத்து உளவியலாளரைப் பிள்ளைகள் 'மனசு டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ரிப்பேருக்கு விடுவதுபோல் யாராவது ஒரு குழந்தையைத் தன் அறையில் கொண்டுவந்து விட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று கணக்கு வாத்தியார் ஒரு சிறுமியோடு வந்து நின்றார்.

"எது கேட்டாலும் வாயே திறக்க மாட்டேங்குறா. நீங்கதான் பேச வைக்கணும்."

"வகுப்புக்குக் கூட்டிட்டுப் போங்க சார். நானும் வர்றேன்."

வகுப்பில் பார்க்காமல் எந்தக் குழந்தையையும் அவர் எடைபோடுவதில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வாத்தியார் சிறுமியிடம் ஒரு கேள்வி கேட்டார். அவள் மூச்சை இழுத்து உதட்டைப் பிரிப்பதற்குள் விடையையும் அவரே சொல்லிவிட்டு, 'பார்த்தீர்களா' என்பதுபோல் பின்னால் பார்த்தார். மனசு டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மணி அடித்ததும் வாத்தியாரைத் தனியே அழைத்தார். "கேள்வி கேட்டதும் ஒரு மடக்குத் தண்ணி குடிங்க சார். நிதானமா முழுங்கிட்டு அப்புறம் பேசுங்க."

வாத்தியாருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் மறுநாள் தண்ணீர் பாட்டிலோடுதான் வகுப்புக்குப் போனார்.

சில வாரங்கள் கழித்துத் தலைமையாசிரியை அந்த வழியே போனபோது, சிறுமி கரும்பலகையருகே நின்று கணக்கை விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் நேராக மனசு டீச்சரின் அறைக்கு வந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வைத்தியம் பண்ணீங்க?"

"அவளுக்கு ஒண்ணும் பண்ணலை மேடம். வைத்தியம் சாருக்கு."