மூலையில் இருந்த வட்டங்கள்

பல்லடம் தாண்டியதும் பஸ்ஸுக்குள் கோழிப்பண்ணை நெடி ஏறுகிறது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அப்பா தன் லேத் பட்டறைக்கு வாங்கி வரும், அமோனியாவில் நகலெடுத்த டிராயிங் தாள்களிலும் இதே காரம் இருக்கும். தாளைத் தரையில் விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு கோட்டையும் நகத்தால் தொட்டுப் பார்ப்பார்.

பட்டறையைக் காப்பாற்றும் என்று நம்பி அவர் எடுத்த கடைசி ஆர்டர், பனியன் துணி பின்னும் மெஷினுக்கான இரும்புத் தாங்கிகள். செய்து கொடுத்த அத்தனையிலும் துளைகள் எதிர்ப்பக்கத்தில் இருந்தன.

கம்பெனி சூப்பர்வைசர் தாளின் மூலையைத் தட்டினார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம், பக்கத்தில் ஒரு முனை குறுகிய கட்டம்.

"இந்தக் குறியப் பாக்கலீங்களா? இது வெளிநாட்டு டிராயிங். பொருளுக்கு வலப்பக்கமிருந்து பாத்தாத் தெரியறத தாள்லயும் வலப்பக்கமே வரைவாங்க. நாமதான் இடப்பக்கம் வரைவோம்."

"அது உங்க கம்பெனி முத்திரைன்னு நெனச்சனுங்க."

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். அப்பாவும் கூடவே சிரித்தார்.

லேத்தை விற்று லாரியில் ஏற்றிவிட்ட மத்தியானம், அப்பா காப்பி குடித்த டம்ளரைத் தரையில் படுக்க வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"இங்க வா புள்ள. அடியிலிருந்து பாத்தா ரெண்டு வட்டம். பக்கத்துலிருந்து பாத்தா அந்தக் கட்டம். இவ்வளவுதான் அந்தக் குறி."

"இனித் தெரிஞ்சு என்ன பண்றதுங்க?"

"ஒண்ணுமில்ல" என்று டம்ளரை நிமிர்த்தி வைத்தார்.

மறுநாள் காலை சாயப்பட்டறைக்கு மூட்டை தூக்கப் போனார். சாகும்வரை அந்த வேலைதான். நான் அருள்புரத்தில் இறங்கி, பனியன் கம்பெனிக்கு நடக்கிறேன்.