பெனால்டி பாக்ஸில் ஒரு தேயிலை மரம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மரம் கோல் போட்டது. சிரிக்காதீர்கள். என் கண்ணால் பார்த்தேன்... மலையில், பிரிஞ்சாங் டவுனுக்கு மேலே, என் தங்கை வாழ்க்கைப்பட்ட தேயிலைத் தோட்டத்துத் திடலில்.

தேயிலை என்றால் இடுப்பளவுச் செடி என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? கவாத்து வெட்டி வெட்டி நாம்தான் அதைக் குட்டையாகவே வைத்திருக்கிறோம். வெட்டாமல் விட்டால் வீட்டுக் கூரையைத் தாண்டி வளரும். திடலுக்காகச் செடிகளைப் பிடுங்கியபோது எப்படியோ ஒன்று தப்பிவிட்டது. யார் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அது நிற்கிற இடம்தான் வம்பு... மேல்பக்க கோல் போஸ்ட்டுக்கு முன்னால், பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே!

கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வருகிறவர்களில் சிலர் இதைப் பார்ப்பதற்காகவே இந்தப் பக்கம் காரைத் திருப்புகிறார்கள். காரணம், தேவகியின் வீட்டுக்காரர். கடை, கோயில், வீடு என்று சாயம் அடிப்பவர். மிச்சமிருந்த சாயத்தை வைத்து அடிமரத்தில் தோட்டத்து டீம் ஜெர்சியை வரைந்துவிட்டார் — மஞ்சள் சட்டை, பச்சைக் கோடு, பன்னிரண்டாம் நம்பர். பினாங்கில் சுவர் ஓவியத்துக்கு முன்னால் வரிசை கட்டி நிற்பார்களே, அதே மாதிரி இங்கேயும் தோளில் கை போட்டு போட்டோ எடுக்கிறார்கள். மரத்தின் தோளில்!

தேவகி யார் என்று சொல்லவில்லையே. பகலில் டீ பேக்டரியில் வேலை. சாயந்திரமானால் தோட்டத்துப் பெண்கள் ஃபுட்பால் டீமின் கேப்டன், கோல்கீப்பரும் அவர்தான். வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

மரத்தைப் பற்றித் திடலில் ஒரே ஒரு சட்டம்தான். பந்து மரத்தில் பட்டால் விசில் கிடையாது, ஆட்டம் நடக்கும். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுகிறார்கள், அதனால் தொல்லையும் இரண்டு டீமுக்கும் சமம். இதில் என்ன தப்பு?

இந்த வருடம் நம் பெண்கள் பைனலுக்கு வந்துவிட்டார்கள். முதல்முறையாகப் பைனல் தோட்டத்திலேயே என்றும் முடிவானது. எதிரே டவுன் டீம். “திடலுக்குள்ள மரமா? வெட்டினாத்தான் வருவோம்” என்று அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். வெட்டாவிட்டால் ஆடாமலே கோப்பை அவர்களுக்காம்!

தோட்டத்து மானேஜர் துரை நல்ல மனிதர். பைனல் கைவிட்டுப் போய்விடுமே என்று அவருக்குக் கவலை. ரம்பத்தோடு ஆள் அனுப்பட்டுமா என்று தேவகியிடம் கேட்டார்.

“எதுக்கு துரை?” என்றார் தேவகி. “அவங்க திடல்ல முட்டி வரைக்கும் சேறு. நாங்க போய் ஆடலையா? ஒரு வார்த்தை சொன்னோமா? இங்க மரம் நிக்குது, அவ்வளவுதான் லா. ஆட பயமா இருந்தா வர வேணாம். கப்ப அவங்களே வச்சிக்கட்டும்.”

இதைத் தங்கை போனில் சொன்னபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. நமக்கென்று கொஞ்சம் கோணலாக ஏதாவது இருந்தால் போதும், யாராவது வந்து “இது முறையில்லையே” என்பார்கள். உடனே நாமும் கூச்சப்பட்டு, வெட்டி, மட்டமாக்கி, வந்தவர்களுக்கு டீயும் கொடுத்து... யாருக்காக ஐயா இதெல்லாம்?

“ஆட பயமா இருந்தா” என்ற வார்த்தை எப்படியோ டவுனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான், மரத்துச் சட்டத்துக்கும் சேர்த்துச் சம்மதித்து வந்துவிட்டார்கள்!

தோட்டமே திடலில் கூடியிருந்தது. முதல் பாதியில் மரம் டவுன் பக்கம். கோல் இல்லை. பக்கம் மாறினார்கள். அப்போதும் கோல் இல்லை. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் டவுன் பெண் ஒருத்தி தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தாள். பந்து கோல் போஸ்ட்டை விட்டு விலகித்தான் போனது. தேவகி அசையக்கூட இல்லை. பந்து ‘டொம்’ என்று மரத்தில் மோதித் திரும்பி, தேவகியின் காலோரமாக உருண்டு வலைக்குள் போய்விட்டது.

முதலில் கத்தியது நான்தான். “செல்லாது! செல்லாது!”

ரெஃப்ரி, கம்போங் ராஜாவில் மளிகைக்கடை வைத்திருப்பவர். தயங்கித் தயங்கி தேவகியிடம் வந்தார். “என்னம்மா செய்ய? வெளிப்பொருள் பட்டா ஆட்டத்த நிறுத்தலாம்னு பொது ரூல் ஒண்ணு இருக்கு. நீ ஒரு வார்த்தை கேட்டா, கோல் இல்லைன்னு சொல்லிடுறேன்.”

டவுன் டீம் எப்படி ‘கோல்தான்’ என்று வாதாடும்? மரம் கூடாது என்று சொன்னவர்களே அவர்கள்தானே!

தேவகி பந்தை வலையிலிருந்து எடுத்தார். அழுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. குரல் மட்டும் உடையவில்லை.

“வெளிப்பொருளா? யாருண்ணே வெளி? சட்டையப் பாருங்க, எங்க டீமு. நேத்து வரைக்கும் எங்க ஆளு, இன்னைக்கு தப்பா அடிச்சிட்டா வெளி ஆளா? ஓன் கோல் குடுங்க. ஆட்டத்த ஆரம்பிங்க, டைம் போவுது.”

தோற்றோம். கோப்பையை டவுன் பெண்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

மறுநாள் காலை நான் ஊருக்குக் கிளம்பும்போது மானேஜர் துரை தேவகியிடம் பேசிக்கொண்டிருந்தார். “இப்பவாவது வெட்டிடலாமா?”

“ஜெயிச்சிருந்தாகூட யோசிச்சிருப்போம் துரை. இப்ப வெட்டினா, தோத்ததுக்கு வெட்டினதா ஆயிடும். நிக்கட்டும் லா. அடுத்த வருஷமும் இங்கதான் ஆடுவோம்.”

எனக்கு அந்தப் பெருந்தன்மையெல்லாம் கிடையாது. நானும் அந்த மரமும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.