நாற்பத்தொன்றாம் பக்கத்து ஊசித்துளைகள்

பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நான் வாசித்த மர்ம நாவல்களில் கொலுசுச் சத்தத்தோடு வெள்ளைச் சேலை கட்டி வந்த பேய்கள் அத்தனையும் கடைசி அத்தியாயத்தில் சேலையைக் கழற்றிவிட்டு மீசையோடு நின்றிருக்கின்றன. ஒன்று எஸ்டேட் மேனேஜராக இருக்கும், இல்லாவிட்டால் சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பாவாக இருக்கும். இப்படி எத்தனையோ மேனேஜர்களைக் கண்டவளுக்கு எந்தப் பேய் மேல் பயம் வரும்? அதனால் இதை நான் சொல்லும்போது நீங்கள் உதட்டைச் சுழிப்பீர்கள் என்று தெரியும். சுழியுங்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் இது பட்டப்பகலில் நடந்தது, நடந்ததை இல்லையென்று சொல்ல என்னால் முடியாது.

நாட்டில் சண்டை முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். ஆலங்குடாக் கரையில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலுக்கு மேலே துள்ளத் தொடங்கியிருந்த காலம். நாங்கள் குறிஞ்சிப்பிட்டியில் இருந்தோம், இன்றும் அங்கேதான் இருக்கிறோம். என் கணவர் ரமீஸ் களப்பில் மீன் பிடிப்பவர், நான் வீட்டில் தையல். மகள் ஸீனத்துக்கு அப்போது இரண்டு வயது. எனக்கிருந்த ஒரே பைத்தியம் இந்த மலிவு விலை நாவல்கள்தான். அட்டையில் ஒரு பெண், அவள் கையில் துப்பாக்கி, உள்ளே விரலில் மை ஒட்டுகிற காகிதம். மச்சானுக்கு, அதாவது என் கணவருக்கு, அதைக் கண்ணில் காட்டக் கூடாது. "இந்தக் குப்பய வாசிச்சி ஒனக்கு என்ன கெடைக்கப் போவுது?" என்பார். "களப்புல ஒங்களுக்குக் கெடைக்காத நிம்மதி" என்பேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

புத்தகம் தருகிறவர் சந்தியில் பத்திரிகைக் கடை வைத்திருந்த அந்தோனி அண்ணன். மாதம் ஒரு கட்டு அவருக்குக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும். சிலதை விற்பார், சிலதை வாடகைக்குக் கொடுப்பார். வாடகைக்கு எடுத்து வாசிக்கிற எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. இந்த நாவல்கள் ஒன்றைப்போல ஒன்று இருக்கும், பெயரும் அப்படி, அட்டையும் அப்படி, வாசித்ததா வாசிக்காததா என்று பாதி வழியில்தான் தெரியவரும். ஆகவே ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு அதில் தன் அடையாளத்தைப் போட்டுவிடுவார்கள். பாடசாலை டீச்சர் பன்னிரண்டாம் பக்கத்தில் பச்சைப் பேனையால் ஒரு சரி போடுவா. சலூன்காரர் கத்தரிக்கோல் படம் கீறுவார். அந்தோனி அண்ணனுக்கு இது தெரிந்தால் தொலைந்தோம், புத்தகத்தில் கிறுக்கினவருக்கு அடுத்த மாதம் புத்தகம் கிடையாது. நான் தையல்காரி, எனக்கு எதற்குப் பேனை? நாற்பத்தொன்றாம் பக்கம் வந்ததும் கடைசி வரிக்குக் கீழே ஊசியால் முக்கோணமாக மூன்று துளை போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். இது எனக்கும் அல்லாஹ்வுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது, மச்சானிடம்கூட நான் சொன்னதில்லை.

அன்றைக்குக் கச்சான் காற்று பேய்க்காற்றாக அடித்துக்கொண்டிருந்தது, பேச்சுக்குத்தான் பேய் என்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தென்னைமரம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. "நோன்பு முடியட்டும், ஆளப் புடிச்சி வெட்டுவம்" என்று மச்சான் சொல்லி அதற்குப் பிறகு இரண்டு நோன்பு வந்து போய்விட்டது. காலையில் அந்தோனி அண்ணனின் கடைக்குப் புதுக் கட்டு வந்திறங்கியதைக் கேள்விப்பட்டு ஓடினேன். கட்டின் நூலை அவருடைய மொட்டைக் கத்தி வெட்டவில்லை, என் பையிலிருந்த கத்தரிக்கோலால் நான்தான் வெட்டினேன். மேலே இருந்த புத்தகத்தை எடுத்தேன். அந்த மாதப் பெயர் அட்டையில் பளிச்சென்று இருந்தது, மை வாசம்கூடப் போகவில்லை. அதை மூக்கில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு, ஸீனத்தைப் பின்னறையில் பாயில் கிடத்தித் தட்டித் தூங்க வைத்துவிட்டு, பக்கத்தில் தலையணையைச் சுவரோடு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தேன். அதுதான் என் இடம், எந்தப் புத்தகத்தையும் அங்கே உட்கார்ந்துதான் வாசிப்பேன். புதுப் புத்தகத்தில் அடையாளம் தேடத் தேவையில்லை, ஆனால் பழகிய கை தானாக நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்துவிட்டது. பிரித்தால், கடைசி வரிக்குக் கீழே மூன்று துளை. முக்கோணமாக. என் ஊசி, என் இடைவெளி. ஒருத்தி தன் கையெழுத்தை அடையாளம் காண்கிற மாதிரி நான் அதை அடையாளம் கண்டேன்.

நாவலில் வருகிற பெண் என்றால் வீறிட்டு மயங்கி விழுந்திருப்பாள். எனக்கு வந்தது ஆத்திரம். பழைய புத்தகத்துக்குப் புது அட்டை ஒட்டி அந்தோனி அண்ணன் என் தலையில் கட்டிவிட்டார், வேறென்ன? "ஏமாத்திட்டானே மனுசன்!" என்று நான் கத்திய கத்தலில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை திடுக்கிட்டு எழும்பி அழத் தொடங்கியது. அது தூக்கத்திலேயே கிடந்திருந்தால் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டு ரஹுமா ராத்தாவிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுத் தனியாகத்தான் போயிருப்பேன். சந்தி பத்து நிமிட நடைதானே, நான் அப்படிப் போவது வழக்கம்தான். அழுகிற பிள்ளையை எப்படி விட்டுப்போவது? இடுப்பில் தூக்கிக்கொண்டு, மறுகையில் புத்தகத்தோடு, யாரிடமும் சொல்லாமல் நடந்தேன். இதை நினைக்கிறபோதெல்லாம் என் வாய்க்கு நானே நன்றி சொல்கிறேன்.

கடையில் போய்ப் புத்தகத்தைப் பத்திரிகைகள் மேல் எறிந்தேன். "அந்தோனி அண்ண, நான் வாசிச்ச பொத்தகத்துக்குப் புது அட்ட போட்டு எனக்கே தாறீங்களா?"

அவர் என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தங்கச்சி, ஒங்களுக்கு விசரா? இந்தக் கட்ட நீங்கதானே வெட்டினீங்க!"

"அப்ப இது என்ன?" என்று பக்கத்தை வெயிலுக்குப் பிடித்துக் காட்டினேன். அப்போதுதான் என் அடையாளம் அவருக்குத் தெரியவந்தது. என்னைத் திட்டவேண்டியவர் திட்டவில்லை. அதே நாவலின் இன்னொரு பிரதியை எடுத்துப் புரட்டினார், துளை இல்லை. கட்டில் மிச்சமிருந்த அத்தனையையும் நாங்கள் இருவரும் புரட்டினோம், ஒன்றிலும் இல்லை. என் புத்தகத்தின் உள்ளே, அட்டையில் இல்லை, உள்ளே முதல் பக்கத்திலேயே அந்த மாதம் அச்சாகியிருந்தது. அட்டையை மாற்றலாம், அதை எப்படி மாற்றுவது? அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "அன்னம்மாத் தாய் மேல ஆணையா நான் ஒண்டும் செய்யல்ல தங்கச்சி" என்றார். அந்த மனிதர் பொய்ச்சத்தியம் செய்கிறவர் இல்லை. என் ஆத்திரம் இறங்கி, அந்த இடத்தில் என்னவோ ஒரு குளிர் ஏறத் தொடங்கியது.

அப்போது ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து சந்தியில் நிறுத்தி, என்னைக் கவனிக்காமல் கத்தினார்: "தையல்காரப் புள்ளட வூட்டுக்கு மேல தென்னமரம் வுழுந்திட்டு! தாயும் புள்ளயும் உள்ளுக்கு!"

நம்பினால் நம்புங்கள், என் மௌத்துச் செய்தியை நானே நின்று கேட்டேன், என் காதால். "நான் இங்க நிக்கிறன்" என்று சொல்லக்கூட நிற்கவில்லை. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன், அந்தோனி அண்ணன் கடையைப் பூட்டாமல் பின்னால் ஓடிவந்தார்.

வீட்டைச் சுற்றி ஊர் கூடியிருந்தது. மரம் பின்னறையைக் குறுக்காகப் பிளந்துகொண்டு கிடந்தது. களப்பிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த மச்சான் இடுப்பில் ஈரச் சாரத்தோடு தகரங்களை வெறுங்கையால் பிய்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை ரத்தம். "ஸீனத்! ஸீனத்!" என்று கூப்பிட்டுவிட்டுக் காதைத் தகரத்தில் வைத்துக் கேட்பார், மறுபடி பிய்ப்பார். நாலு பேர் பிடித்தும் அவரை அசைக்க முடியவில்லை.

நான் பின்னாலிருந்து, "மச்சான்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. உள்ளேயிருந்து நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாகப் பிய்த்தார். ஸீனத் தான், "வாப்பா" என்று சிரித்தாள். அப்போதுதான் திரும்பினார். முதலில் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தார், பிறகு என் முகத்தை, பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கடி போன?"

"பொத்தகம் மாத்த."

அவர் அழுதார். கூட்டத்துக்கு முன்னால் வாய்விட்டு அழுதார், இடையிடையே சிரித்தார். நானும் பிள்ளையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வீடு போனதே என்று அந்த நேரம் ஒரு துளி கவலை வந்திருந்தால் கேளுங்கள். மூன்று பேரும் மணலில் கிடந்தோம், அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவுதான். பின்னறையில் நான் சாய்ந்திருந்த தலையணை மரத்துக்கு அடியில் இருந்தது, பிள்ளையின் பாயும் அப்படித்தான். அதை எடுத்துக் கழுவ எனக்கு மனம் வரவில்லை, ரஹுமா ராத்தாதான் கொண்டுபோய் எரித்தா.

பிறகு ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். ரஹுமா ராத்தா, "மறதில நீயே குத்தியிருப்ப, ஊசியும் பொத்தகமும் ஒரே கையில தானே" என்றா. இருக்கலாம். ஆனால் அன்று காலையிலிருந்து நான் ஊசியைத் தொடவில்லை, மெஷினுக்குக்கூட உட்காரவில்லை. பள்ளிவாசல் மௌலவி, "அல்லாஹ்ட காவல், அதுக்கு மேல கிண்டாதீங்க" என்றார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது, இன்றும் அதுதான் போதும். மச்சான் அன்றிலிருந்து புத்தகத்தைக் குப்பை என்று சொன்னதே இல்லை. மாதக் கட்டு வந்ததும் அவரே போய் எடுத்து வருவார், வாசிக்காவிட்டால், "ஏன் வாசிக்கல்ல?" என்று கேட்கிறார். புது வீட்டைச் சுற்றி முப்பது அடிக்கு ஒரு மரம் கிடையாது, முருங்கை வைக்கவும் விடமாட்டார்.

அந்தப் புத்தகத்தை நான் அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். வாசிக்கவில்லை. வருடக்கணக்காக வாசிக்கவில்லை. போன வருடம் ஒருநாள், இனி என்ன பயம் என்று எடுத்து வெளிச்சத்துக்கு உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்திலிருந்தே எனக்கு அந்தக் கதை தெரிந்திருந்தது. எல்லா நாவலும் ஒன்றுதானே என்பீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முப்பதாம் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் வருகிறான், அவன் தன் பிள்ளையைக் கூப்பிட ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறான், வேறெங்கும் கேட்டிராத பெயர், அது வருவதற்கு இரண்டு பக்கம் முன்பே என் வாயில் வந்துவிட்டது. வரி வரியாகத் தெரிந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தின் கடைசி வரியைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன், திறந்து பார்த்தால் அப்படியே இருந்தது, கீழே மூன்று துளை. அதுவரை வாசிக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. அன்றைக்கு நான் பின்னறையில் சாய்ந்து உட்கார்ந்ததிலிருந்து மரம் விழுந்தது வரைக்கும் ஏறக்குறைய அதே அரைமணி நேரம்தான் இருந்திருக்கும்.

வெளியே ஸீனத் யாரோடோ சத்தமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வரிகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.