இடப்பக்கத்துப் பொட்டு

எங்கள் வீதியில் வெளியே நின்றிருந்த வண்டிகள் மேலெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் பசையை ஊற்றிவிட்டுப் போனான். தச்சு ஆசாரிகள் பலகை ஒட்டும் வெள்ளைப் பசை. காலையில் பால் எடுக்கக் கேட்டைத் திறந்தவள் என் காரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பானட்டில் ஊற்றியது முகப்பு விளக்கு வரை வழிந்திருந்தது. ஓரமெல்லாம் காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, நடுவில் மட்டும் கெட்டித் தயிராக இன்னும் வெள்ளை. வழக்கமாக வண்டி போர்டிகோவில்தான் நிற்கும். அந்த வாரம் அங்கே டைல்ஸ் மாற்றிக்கொண்டிருந்ததால் வெளியே விட்டிருந்தேன். பட்ட காலிலே படும் என்பது சும்மாவா.

யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. எதிர்வீட்டுக் கேமராவில் அவர்கள் வீட்டுத் தென்னை மரம் மட்டும் விடிய விடிய ஆடியது. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கொரு அழுகிற முகம் போட்டார்கள்.

வடவள்ளியைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் குடியிருப்பு எங்களுடையது. வீட்டுக்காரர் போன பிறகு அந்த வீட்டில் நான் ஒருத்திதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பால்காரரிடம் சொல்லும் இரண்டு வார்த்தையைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் கழிந்த நாட்கள் உண்டு. அன்றைக்கு வீதியே என் கேட் முன்னால் கூடி நின்றது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள், நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அரை மணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பசை ஊற்றியவனைத் திட்டிக்கொண்டே சந்தோஷமாக இருந்தேன்.

எதிர்வீட்டுக்காரர் மோட்டார் உதிரிபாகக் கம்பெனி நடத்தி, அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் இருப்பவர். வீதிக்கு அவர்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவராகவே ஆகிவிட்டார்.

"ஏனுங்க, நீங்க ஒண்ணுங் கவலப்படாதீங்க. ஞாயித்துக்கெழம காலைல பாலீஷ் போடறவங்கள வரச் சொல்லிப்போட்டேன். எல்லா வண்டியவும் மெசின் வெச்சுத் தேச்சு உட்டாங்கன்னா, ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரி ஆயிருமுங்க" என்றார்.

"ஆகட்டுங்க" என்றேன்.

எங்கள் ஊர் நாக்குக்கு 'வேண்டாம்' என்ற சொல் வராது. உதவி என்று ஒருவர் வாசலுக்கு வந்துவிட்டால் 'ஆகட்டுங்க' என்று சொல்லிவிட்டு, பிறகு உள்ளே போய்த் தவிப்போம். அன்றைக்கு நானும் உள்ளே போய்த்தான் தவித்தேன். அந்தப் பசைக்கு அடியில் இருந்ததை மெஷின் வைத்துத் தேய்க்க நான் எப்படி விடுவேன்?

பசைக்கு அடியில் ஒரு பொட்டு இருந்தது. என் வீட்டுக்காரர் வைத்த பொட்டு.

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான்தான். சோமனூரில் பேங்க் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டேன். அவர் ஒரு முறை மொபெட்டை வாய்க்காலில் விட்டவர். அதோடு சரி, ஆயுள் முழுக்க இடப்பக்க சீட்டுதான். ஆனால் ஓட்டுகிறவளைவிட அதிகமாக ஓட்டுவார். "மெதுவா, அம்மணி. முன்னால மாடு போகுது பாரு" என்பார். மாடு அடுத்த ஊர் எல்லையில் போய்க்கொண்டிருக்கும். எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன்.

ஆயுதபூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைப்பது மட்டும் அவர் பொறுப்பு. ஊரெல்லாம் பானட்டின் நடுவில் வைக்கும், அவர் இடது ஓரத்தில் வைப்பார். கட்டைவிரலை முழுசாகச் சந்தனத்தில் அழுத்தி ஒரு அப்பு, அதன் மேல் குங்குமம். "நடுவுல வெய்யுங்க" என்றால், "நான் உக்காந்தா என்ற கண்ணுக்குத் தெரியோணுமல்லோ?" என்பார். பிறகு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். நான் வண்டியை எடுப்பேன், அவர் வெளியே நின்று குனிந்து பார்த்து, "நசுங்கிருச்சு, வா வா" என்று கையை ஆட்டுவார்.

அப்படி ஒரு ஆயுதபூஜை முடிந்து, வந்த தையில் அவருக்கு நெஞ்சு வலித்தது. நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அவர் இடப்பக்கம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். எந்த வேகத்தில் போனேன் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு மட்டும் அவர் 'மெதுவா' என்று சொல்லவில்லை.

சடங்கு நாளில் என் நெற்றியில் இருந்ததை எடுத்துவிட்டார்கள். கார் நெற்றியில் இருந்ததை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. துக்க வருஷம் என்று அடுத்த ஆயுதபூஜையும் இல்லாமல் போயிற்று. ஆக, பழைய பொட்டு அப்படியே இருந்தது. நானும் அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டு வந்தேன். மேகம் கறுத்தால் வண்டியை வெளியே எடுக்கமாட்டேன். குங்குமம் மங்கிச் செங்கல் நிறமாகிவிட்டது, சந்தனத்தில் மயிரிழை வெடிப்பு. என்றாலும் அவர் கட்டைவிரல் அகலம் குறையவில்லை. பைத்தியக்காரத்தனம்தான். யாரிடமும் சொல்லவில்லை.

மெஷின்காரர்கள் வருவதற்குள் பசையை நானே எடுத்துவிட வேண்டும், பொட்டு மட்டும் நிற்க வேண்டும். சனிக்கிழமை காலையிலேயே ஆரம்பித்தேன்.

முதலில், பொட்டை விட்டுத் தள்ளி, விளக்கின் மேல் வழிந்த இடத்தில் வெந்நீர்த் துணியைப் போட்டுப் பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. கண்ணாடியாக இருந்த பசை பழைய கஞ்சியாக வெளுத்துக் குழைந்து, தொட்ட இடமெல்லாம் ஈஷிக்கொண்டது. பொட்டின் மேல் இதைச் செய்திருந்தால் குங்குமம் கரைந்து ஓடியிருக்கும். துணியைத் தூக்கிப் போட்டேன்.

அடுத்து எண்ணெய். தொண்டாமுத்தூரில் இருக்கும் நாத்தனார் வீட்டிலிருந்து வந்த தேங்காயெண்ணெய் ஒரு தூக்கு நிறைய இருந்தது. பசையின் ஓரத்தில் தடவி ஊறவிட்டு, காலாவதியான ஏடிஎம் கார்டால் நெம்பினால் நன்றாகவே விட்டுக்கொடுத்தது. வலப்பக்கம் முழுக்க அப்படியே எடுத்தேன். ஆனால் எண்ணெய் பட்டால் குங்குமம் பரவிவிடுமே. அதனால் பொட்டுக்கு ஒரு சாண் முன்னால் எண்ணெயை நிறுத்தினேன்.

மிச்சத்தை வெயிலிடம் விட்டேன். பங்குனி வெயில். வண்டியை நகர்த்தி, முகப்பு நேராக வெயிலைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினேன். உச்சிவேளையில் பானட்டைத் தொட முடியவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பசையின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். சூட்டில் இளகி, மெதுவாக, ஒரே தோலாகக் கிளம்பியது. இழுத்தால் அறும், விட்டால் ஒட்டும். மூச்சுக்கூட அளந்து விட்டேன். பொட்டின் விளிம்பு வந்தது. அங்கே நிறுத்திச் சுற்றி வெட்டிவிட்டால், மேலே பசை இருந்தாலும் பொட்டு வண்டியிலேயே நிற்கும் என்று கணக்குப் போட்டேன். பிளேடு எடுக்க உள்ளே போகலாம் என்று கையை விட்டேன்.

தோல் தன் பாரத்திலேயே மடங்கி விழுந்தது. பொட்டு அதோடு போய்விட்டது.

பானட்டைப் பார்த்தேன். அந்த இடம் கழுவித் துடைத்த தட்டாக நீலமாய்ப் பளபளத்தது. ஒரு தூசு இல்லை. "அய்யோ போச்சே" என்று அங்கேயே, வீதியில், மொட்டை வெயிலில், சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்து அழுதேன். அவர் செத்த அன்றைக்குக்கூட அப்படி வாய்விட்டு அழவில்லை. வீதியில் ஒரு கேட்டும் திறக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற நேரம்.

அழுது ஓய்ந்து, கீழே கிடந்த அந்தத் தோலை எடுத்துத் திருப்பினேன். அடியில் சந்தனம் அப்படியே அப்பியிருந்தது. மறுபக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால், பசை கண்ணாடி போட்டதுபோல் உள்ளே அவர் பொட்டு. செங்கல் நிறக் குங்குமம், சுற்றிலும் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். "ஏனுங், இங்க வந்து பாருங்க" என்று அவரைக் கூப்பிட வாய்வரை வந்துவிட்டது. கேட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பொட்டைச் சுற்றி வட்டமாக வெட்டி, இடப்பக்க சீட்டுக்கு நேரே, முன் கண்ணாடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் வந்தது. என் வண்டியையும் தேய்த்தார்கள், நன்றாகவே தேய்த்தார்கள். எதிர்வீட்டம்மா வந்து, "ஏனுங்க்கா, தனியாவா எடுத்தீங்க? ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடி வந்திருப்போமுல்ல?" என்று வருத்தப்பட்டார். பிறகு எல்லா வண்டிகளும் பளபளவென்று ஆகி, எல்லோரும் உள்ளே போய்க் கேட்டைச் சாத்திக்கொண்டார்கள். குரூப்பில் மறுபடி காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வர ஆரம்பித்தன.

புரட்டாசியில் ஆயுதபூஜை வந்தது. முந்தின நாள் எதிர்வீட்டம்மா கேட்டில் நின்று கூப்பிட்டார்.

"ஏனுங்க்கா, நாளைக்கு நான் வந்து உங்க வண்டிக்குப் பொட்டு வெச்சுத் தாரேனுங்க. நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க."

பாசமாகத்தான் சொன்னார். புருஷன் இல்லாதவள் குங்குமம் தொடக் கூடாது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. 'ஆகட்டுங்க' என் தொண்டை வரை வந்தது.

"வேண்டாமுங்க. நானே வெச்சுக்கறேன்" என்றேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "செரிங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் சந்தனத்தைக் குழைத்து, பானட்டின் இடது ஓரத்தில் என் கட்டைவிரலை அழுத்தினேன். சின்னதாகத்தான் விழுந்தது. குங்குமம் வைத்தேன். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுத்து, முன்னால் கொஞ்சம் நகர்ந்து நிறுத்தினேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன். எதற்குக் காத்திருக்கிறேன் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தேன். இடப்பக்க முன்சக்கரத்துப் பழம் மட்டும் உருண்டு போய் ஓரமாக முழுசாகக் கிடந்தது. அதை எடுத்து மறுபடி வைத்து, மறுபடி ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுத்தேன். நசுங்கியதா என்று பார்க்க மறுபடியும் நானேதான் இறங்க வேண்டியிருந்தது.