மாதிரிப் பொம்மையின் கன்னம்

எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு, அதாவது என் தங்கை புருஷனுக்கு, கம்பெனியில் 'லென்ஸ்' என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். காமிக்ஸ் கதைகளில் வரும் ஆட்களை ரெசின் பிசினில் சிலையாக வார்த்து, வண்ணம் தீட்டி, ஆசையாகச் சேர்த்து வைக்கிறவர்களுக்கு விற்கும் கம்பெனி அது. தங்கை முகம் வரைகிறாள். நான் கடைசியில் உட்கார்ந்து பெட்டியில் அடைக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில் எமன் மாதிரி மாப்பிள்ளை. அவர் சரி என்றால்தான் சிலை என்னிடம் வரும். இல்லையென்றால் வந்த வழியே திரும்பிப் போகும்.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர். சிலையைக் கண்ணாடித் தகட்டில் நிறுத்தி விரலால் ஒரு தட்டு தட்டி, ஆடுகிறதா என்று பார்ப்பார். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் நகத்தால் தடவுவார். இரண்டு கண்மணியும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்று லென்ஸை வைத்துத் துருவுவார். வீட்டிலும் இதே கூத்துதான். பாத்திரத்தின் மூடி கோணலாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒருமுறை என் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், சாப்பாட்டை ஆறவிட்டு காலண்டரை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, அது நேராத்தான் இருக்கு. சுவருதான் கோணல்" என்றேன்.

"அதைத்தான் மச்சான் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

என் தங்கையிடம் அவர் முதன்முதலில் பேசியதே, அவள் வரைந்த புருவம் மயிரிழை பிசகியிருப்பதைக் காட்டத்தான். அதில் இவள் எப்படி மயங்கினாளோ, அது அவளுக்கே வெளிச்சம்.

இந்த வருஷத்துப் பெரிய ஆர்டர் 'புயல்காரி'. கழுத்தைச் சுற்றிப் பெரிய துண்டு பறக்க, காற்றை எதிர்த்து ஓடிவருகிற பெண். ஓடிவந்த அந்தக் கன்னத்துச் சிவப்புதான் சிலைக்கே உயிர். முதலில் ஒன்று செய்து காட்டினோம். காமிக்ஸ்காரர்கள் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அதற்கு மாதிரி என்று பெயர். அந்த முகமும் தங்கை வரைந்ததுதான். பிறகு செய்வதையெல்லாம் அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் பாஸ் போட வேண்டும். மாதிரியைக் கழற்றக் கூடாது, துடைக்கக் கூடாது, தேவையில்லாமல் தொடவும் கூடாது. அது எங்கள் கம்பெனி சட்டம்.

ட்யூப்லைட் நிறத்தைப் பொய்யாகக் காட்டுகிறது என்று மாப்பிள்ளை சண்டை போட்டு, மேசையை ஜன்னலோரம் மாற்றிக்கொண்டார். மாதிரியும் அவரோடு போனது. கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் தங்கை முகம் வரைந்து அனுப்பிய பொம்மைத் தலைகள் திரும்பிவர ஆரம்பித்தன.

"கன்னத்துல சிவப்பு ஜாஸ்தியா இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

"முன்னாடி இதே கலர்தானே பாஸ் பண்ணீங்க? இது சரியாத்தாங்க இருக்கு."

"நீயே மாதிரிகிட்ட வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் ஜாஸ்தியாகத்தான் தெரிந்தது. அதுதான் கொடுமை. தன் கையாலேயே தின்னரை எடுத்து, வரைந்த முகங்களைத் துடைத்துவிட்டு, சிவப்பைக் குறைத்து மறுபடி வரைந்தாள். அது தேறியது. சில நாள் கழித்து அந்தச் சிவப்பும் ஜாஸ்தி என்று திரும்பி வந்தது. மறுபடி குறைத்தாள். மறுபடி வந்தது.

தங்கை மிரண்டுபோனாள். தன் கண்ணுக்குச் சிவப்பு மங்கித் தெரிகிறது, அதனால்தான் தெரியாமல் அள்ளிப் பூசுகிறோம் என்று முடிவுகட்டிவிட்டாள். கண் டாக்டர் சோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். அவள் நம்பவில்லை. பள்ளிக்கூடம் கிளம்புகிற மகளை நிறுத்தி, "இந்த ரிப்பன் நல்ல சிவப்பா, வெளுத்த சிவப்பா?" என்று கேட்பாள். அது சிரித்துக்கொண்டே ஓடிவிடும். இவள் ரிப்பன் போன திசையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

கடைசியில் சூப்பர்வைசர் அம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து தங்கைக்கு முகம் கிடையாது. சிலையின் காலடியில் இருக்கும் பாறைக்குச் சாம்பல் நிறம் பூச வேண்டியதுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே ஜன்னலோரம் போனேன். "கட்டின பொண்டாட்டி மாப்ள. ரெண்டு முகத்தைக் கண்டும் காணாம விட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

அவர் முகத்தைப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. தூங்கிப் பல நாள் ஆன முகம். மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. "விட்டா அவளுக்குத் தெரிஞ்சிடும் மச்சான். அப்புறம் அவ பிரஷ்ஷையே தொட மாட்டா" என்றார். உட்கார முடியாமல் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு கைக்கு ஏதாவது வேலை வேண்டும் போல, "இந்தத் துண்டு லூசா இருக்கு, பாருங்க" என்று புதிய சிலை ஒன்றின் கழுத்துத் துண்டை ஆட்டிக் காட்டினார். காந்தத்தில் ஒட்டி நிற்கிற துண்டு அது. பொருத்தினால் டிக் என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை.

"மாதிரியில எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அதைக் கழற்றக் கூடாதே."

"ஒரு ஆணியும் புடுங்கப் போறதில்ல, கழற்றுங்க."

தயங்கித் தயங்கி மாதிரியின் துண்டை இழுத்தார். வந்துவிட்டது. துண்டு மூடியிருந்த கழுத்திலும் தாடையோரத்திலும் நல்ல உயிருள்ள சிவப்பு. அதற்கு மேலே கன்னம் வெளிறிக் கிடந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றினால் மணிக்கட்டில் தெரியுமே, அதே போல நடுவில் ஒரு கோடு.

வெயில். அவர் சண்டை போட்டு வாங்கிய ஜன்னல் வெயில் மாதிரியின் சிவப்பை நாளுக்கு நாள் குடித்திருக்கிறது. உலகத்தில் உள்ள அத்தனை பொம்மையையும் சோதித்த மனிதர், இந்த ஒன்றை மட்டும் சோதிக்கவே இல்லை. என் தங்கை அந்த வெளுத்த கன்னத்தைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

மாப்பிள்ளை மாதிரியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, அத்தனை பேர் நடுவே நடந்து, சூப்பர்வைசர் அம்மா முன்னால் வைத்தார். "தப்பு என்மேலதான். அவ வரைஞ்சது எல்லாமே சரி" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். தங்கை எழுந்து வந்து அந்தக் கழுத்தைப் பார்த்தாள். அவள் கை தின்னர் டப்பா பக்கம் போய், பாதியில் நின்றது. எத்தனை நல்ல முகங்களைத் துடைத்துப் போட்டோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அவள் அழவில்லை.

"புதுசா ஒரு மாதிரி வேணும். நீயே வரைம்மா" என்றார் சூப்பர்வைசர்.

தங்கை எந்த மாதிரியையும் பார்க்காமல் வரைந்தாள். வரைந்து முடிக்கும்வரை மாப்பிள்ளை ஒரு இடத்தில் நிற்கவில்லை. தலை காய்ந்ததும் அவள் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கிய வேகத்தில் "பாஸ்" என்றார். லென்ஸ் சட்டைப் பையிலேயே இருந்தது.

அவளுக்கு வந்ததே கோபம். "பார்க்காமலே பாஸ் போடுறதுக்கா இவ்வளவு பாடு பட்டேன்? லென்ஸை எடுங்க. பாருங்க."

எடுத்தார். கன்னத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், காதுக்குப் பின்னால் நகத்தால் தடவினார். மூக்கோரம் வந்ததும் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மனுஷா, இன்றைக்காவது வாயை மூடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"மூக்கோரம் ஒரு புள்ளி தெறிச்சிருக்கு" என்றார்.

தங்கை அவர் கையிலிருந்து பொம்மைத் தலையைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். லென்ஸை நீட்டினார், வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். வெறும் கண்ணாலேயே உற்றுப் பார்த்தாள். அப்புறம் எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

"ஆமா, இருக்கு. எனக்கும் தெரியுது."