சுரங்கத்தின் சூரியனும் என் வீட்டுக்காரரும்

எங்கள் டவுன்ஷிப்பில் ஒருவர் ரிட்டயர் ஆனால் சால்வை, மாலை, குத்துவிளக்கோடு ஒரு வாழ்த்துப்பாவையும் சட்டம் போட்டுக் கொடுத்தாக வேண்டும். நான் தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு வீட்டோடு இருப்பவள். மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பேன். அது போதாதா? பிளாக்கில் யார் ஓய்வு பெற்றாலும் வாழ்த்துப்பா என் தலையில்தான் விழும்.

வருஷக்கணக்காக ஒரே சரக்கைத்தான் ஓட்டிவந்தேன்.

சுரங்கத்தின் சூரியனே! சோர்வறியாச் சுடர்விளக்கே!
கரங்கள்தாம் ஓய்ந்திடினும் கருணைக்கோர் ஓய்வுண்டோ!

சீர்களின் முதலெழுத்து சு, சூ, சோ, சு என்று ஒத்துப்போவது மோனை. இரண்டு அடியிலும் இரண்டாம் எழுத்து 'ர' என்று வருவது எதுகை. ஆளையே சூரியன் என்பது உருவகம். அதை நம்பச் சொல்வது உயர்வு நவிற்சி. சுரங்கத்தில் கால் வைக்காத கேன்டீன் சூப்பர்வைசரும் என் புண்ணியத்தில் சுரங்கத்தின் சூரியன் ஆனார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. எதுகை விழுகிற இடத்தில் கைதட்டல், முடிந்ததும் மிக்சர். கவிதையிடம் வேறு எதையும் யாரும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு என் வீட்டுக்காரரின் முறை வந்தது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். சொந்த ஊர் பக்கத்தில் முத்தாண்டிக்குப்பம். நான் ஏற்றிவைத்த அத்தனை சூரியன்களையும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்.

"என்னய சூரியன்னு எழுதிப்புடாத. சூரியன் நைட் ஷிப்ட் பாக்காது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாருக்கும் குடுத்ததயே எனக்கும் குடுத்தினா, கூடக் குடும்பம் பண்ணவளே நம்மளப் பாக்கலன்னு ஆயிடும்" என்றார்.

முதலில் சொன்னது கேலி. இரண்டாவது கேலி இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

வெண்பாவில் உட்கார்ந்தேன். வெண்பா குவார்ட்டர்ஸ் மாதிரி, நம் இஷ்டத்துக்கு ஒரு சுவரை இடிக்க முடியாது. எதைச் சொன்னாலும் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டில் ஒன்றுக்குள் அடங்க வேண்டும். இவர் அடங்கவில்லை. ஆசிரியப்பாவை 'ஏ' என்று முடித்தால், மேடையில் யாரையோ அதட்டுவதுபோல் இருந்தது. ஹைக்கூ ஏற்கெனவே பட்ட பாடு. ஒருமுறை ஒரு செக்‌ஷன் அதிகாரிக்கு மூன்று வரியில் எழுதிக் கொடுத்தபோது, அவர் மீதிப் பாட்டைத் தேடிச் சட்டத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

கடைசியில் மிஞ்சியது இயல்பு நவிற்சி அணி. உள்ளதை உள்ளபடியே சொல்வது. பரீட்சையில் எந்த அணி என்று தெரியாத பிள்ளைகள் எல்லாம் எழுதிவிட்டு வருகிற அணி. நானும் அதை ஒரு பொருட்டாக மதித்தவள் இல்லை. வேறு வழியில்லாமல் அதில் எழுதி, விழாவில் நானே படித்தேன்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்து
பூட்ஸை வாசலில் கழற்றுவார்.
காது மடலில் கரித்தூசியோடு
காலைப் பலகாரம் சாப்பிடுவார்.
கண்ணுக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு
பகலெல்லாம் தூங்குவார்.
பக்கத்தில் இடி விழுந்தாலும் எழமாட்டார்.

எங்கே தட்டுவது என்று தெரியாமல் கூட்டம் விழித்தது. நானும் மேடையில் வியர்த்துப்போய் நின்றேன். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஏற்புரைக்கு அவரை அழைத்தார்கள். மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வணக்கங்க. இவங்க எழுதுனது எல்லாம் நெசம்தான். ஒண்ணு மட்டும் தப்பு. பகல்ல எனக்குத் தூக்கமே வராதுங்க."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"விசில் அடிச்சா நான் முழிச்சிப்பேன்னு குக்கரே வெக்க மாட்டாங்க. ஒரு கரண்டிகூடக் கீழ விழாம, மெல்ல மெல்ல வேல செஞ்சிக்கினு இருப்பாங்க. அதக் கேட்டுக்கினே கண்ண மூடிக்கினு கெடப்பேன். இவ்ளோ பாடுபட்டும் முழிச்சிட்டாரேன்னு வருத்தப்படுவாங்களேன்னு எழுந்துக்க மாட்டேன். அவ்ளோதாங்க."

எதுகையும் இல்லாமல் மோனையும் இல்லாமல் எல்லாரும் தட்டினார்கள். நான் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அழுகையோடு ஆத்திரமும் வந்தது. அத்தனை பகலும் நாம் பேசிக்கொண்டிருந்திருக்கலாமே, பாவி மனுஷா.